பயப்படவே இல்லை

சென்ற மாதம் என் அக்காள் மகன் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அவன் மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாப் பக்கம், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றை ஓட்டுகிறான். அன்று காலை காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்திருக்கிறது. கடற்புல் வெளியின்மேல் படகு போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆவுளியா, அதாவது கடற்பசு, மூச்சு வாங்க மேலே வந்திருக்கிறது. காணொளியில் முதலில் தெரிவது இரண்டு மூக்குத் துளைகள். பிறகு தவிட்டு நிறத்தில் ஒரு முதுகு. அதை ஒட்டினாற்போல் இன்னொரு சிறிய முதுகு. படகு அவற்றின் பக்கம் திரும்புகிறது. அடுத்த முறை அவை மேலே வரும்போது இன்னும் நெருக்கத்தில் தெரிகின்றன, அதற்கடுத்த முறை இன்னும் நெருக்கத்தில். பின்னணியில் ஒருவர் மகிழ்ச்சி பொங்கச் சொல்கிறார்: "பயப்படவே இல்ல பாருங்க!"

என் முகம் மாறியதைக் கவனித்துவிட்டு மருமகன் சொன்னான்: "மாமா, நாங்க ஒண்ணும் செய்யல. பாத்துட்டுத்தான் வந்தோம்."

அவனைக் கண்டிக்க வாய் எழவில்லை. ஏனென்றால் அதே வாக்கியத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், சில ஆண்டுகளுக்கு முன்பு உறைந்த கடலின்மேல் ஒரு சீலின் எதிரே நின்றுகொண்டு நானும் சொல்லியிருக்கிறேன்.

தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்று நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது இலங்கையின் மேற்குக் கரையை ஒட்டினாற்போல் இறங்கி, அதன்பின் ஒரு தீவிலும் மோதாமல், சுமார் 8,600 கிலோமீட்டர் கடலைக் கடந்து கிழக்கு அண்டார்டிகாவில் போய் முட்டும். முட்டுகிற இடத்துக்கு அக்கம்பக்கத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா, ரஷ்யா ஆகிய நாடுகளின் ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. அதாவது அந்தப் பனிக்கடல் ஒரு வகையில் எங்களுக்கு எதிர்க்கரை. அந்தக் கரையில் ஓராண்டுக்கும் மேலாக வாகனப் பழுது பார்ப்பவனாக இருந்தேன். அதற்கு முன்பு விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தவன். டீசல் இன்ஜின் எங்கே இருந்தாலும் டீசல் இன்ஜின்தான் என்ற துணிச்சலில் விண்ணப்பித்தேன். உத்தராகண்டின் ஆலி மலைச்சரிவில் பனிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிறகு கேப் டவுன் வழியாகத் தெற்கே. அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது சீலைப் பற்றி.

ஊர் திரும்பியதும் எல்லோரும் முதலில் கேட்டது, "கடல்நாய் கடிக்குமா?" என்பதுதான். அகராதிகள் அதைக் கடல்நாய் என்கின்றன. பள்ளிப் பாடநூல்கள் சில நேரம் சீல் என்கின்றன. நம் கடலில் இல்லாத விலங்கு என்பதால் நம் கடற்கரை மக்களின் வாயில் அதற்கென்று ஒரு பெயர் பழகவில்லை. நாய் என்று சொன்னவுடன் குரைப்பதும் துரத்துவதும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நான் பார்த்த வெடல் சீலுக்கு இரண்டும் பொருந்தாது. ஆகவே சீல் என்றே எழுதுகிறேன்.

வெடல் சீல் மூன்று மீட்டர் நீளம் வளரும்; எடை 400 கிலோவிலிருந்து 600 கிலோ வரை போகும். உடம்பு பெரிய பீப்பாய். தலை மட்டும் பூனைத் தலைபோல் சிறியது. வாயின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருப்பதால் எப்போதும் எதற்கோ புன்னகைப்பதுபோல் தோன்றும். அந்தப் புன்னகைதான் பார்க்கிறவனை ஏமாற்றுகிறது என்று இப்போது நினைக்கிறேன். உலகில் இவ்வளவு தெற்கே குட்டி போட்டு வளர்க்கும் பாலூட்டி வேறு இல்லை. உறைந்த கடலின் அடியில் 600 மீட்டருக்கும் ஆழமாக, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மூச்சடக்கி நீந்தக்கூடியது. ஆனாலும் அது நுரையீரலால் சுவாசிக்கிற விலங்கு. மேலே வர ஒரு துளை வேண்டும். அந்தத் துளை உறைந்து மூடாமலிருக்க, முன்பற்களாலும் கோரைப்பற்களாலும் பனியை இடமும் வலமுமாக அராவிக்கொண்டே இருக்கும். வயதான சீல்களின் பற்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும். பல் முற்றும் தேய்ந்தால் துளையைக் காக்க முடியாது. துளை போனால் உயிர் போகும். ஒரு மூச்சுத் துளைக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பதை அறியாமல், அதைச் சுற்றி நாங்கள் பனி வாகனத்தை வளைத்து வளைத்து ஓட்டியிருக்கிறோம்.

அங்கே அக்டோபரும் நவம்பரும் குட்டி போடும் காலம். ஓதத்தில் கடல் உயர்ந்து தாழும்போது, கரையோடு ஒட்டிய பனிக்கும் மிதக்கும் பனிக்கும் நடுவே நீளமான வெடிப்புகள் விழும். சினைச் சீல்கள் அந்த வெடிப்புகள் வழியாக ஏறி வந்து ஓரத்திலேயே ஈனுகின்றன. பிறக்கும்போது குட்டி 25 முதல் 30 கிலோ இருக்கும்; உடம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மயிர். ஆறு ஏழு வாரங்களில் அது 100 கிலோவைத் தாண்ட வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது ஒன்றரை, இரண்டு கிலோ. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு என்றால், வெடல் சீலின் பாலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அந்த வாரங்களில் தாய் பெரும்பாலும் இரை தேடப் போவதில்லை. தன் கொழுப்பை உருக்கிப் பாலாக்குகிறது. குட்டி பெருக்கப் பெருக்கத் தாய் வற்றுவது, தினமும் கடந்து போகிற எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. செப்டம்பரில் பீப்பாயாக ஏறி வந்த உடம்பு, டிசம்பரில் இடுப்பெலும்பு தெரியும்படி தளர்ந்து கிடக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், கடற்பனியின் தடிமனைத் துளையிட்டு அளக்கும் வேலைக்காக இரண்டு பனி ஸ்கூட்டர்களில் நால்வர் புறப்பட்டோம். வெயில் பளீரென்று இருந்தது. குளிர் மைனஸ் பதினெட்டு. நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வெடிப்போரத்தில் தாயும் குட்டியும் கிடந்தன. குட்டிக்குப் பத்து நாளைக்கு மேல் இராது. தாயின் வயிற்றோரம் முகத்தைப் புதைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. முப்பது நாற்பது அடி தூரத்தில் வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. அந்தக் குளிரில் அணைத்தால் மறுபடி கிளம்பாமல் போகலாம் என்பது ஒரு காரணம். நடுக்கடலில் நங்கூரம் போடும்வரை இன்ஜினை நிறுத்தாத என் ஊர்ப் பழக்கம் இன்னொரு காரணம். இறங்கி நின்று படம் எடுத்தேன். தாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கண்கள் இரண்டும் கருப்புக் கோலிக்குண்டுபோல் பெரிதாக, ஈரமாக இருந்தன. ஓடவில்லை, சீறவில்லை. மறுபடி தலையைக் கீழே வைத்தது. எவ்வளவு சாதுவான பிராணி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

எங்களோடு வந்த இளம் உயிரியலாளர் ஒரு மலையாளி. என்னைச் சேட்டா என்றுதான் கூப்பிடுவார். அவர் படம் எடுக்கவில்லை. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறிப்பேட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து, "சேட்டா, இன்ஜினை நிறுத்துங்கள், அல்லது வாருங்கள், போய்விடலாம்" என்றார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நான் சொன்னது அப்போதுதான். அவர் வாதம் செய்யவில்லை, குறிப்பேட்டைக் காட்டினார். 10 நிமிடத்தில் தாய் 17 முறை தலையைத் தூக்கியிருந்தது. நாங்கள் வந்து நின்ற அடுத்த நொடியே குட்டி காம்பை விட்டுவிட்டது, மறுபடி பிடிக்கவில்லை. இதை நான் கவனிக்கவே இல்லை. படக் கருவியின் சின்னத் திரையில் தாயின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிகளை இருநூறு மீட்டர் பின்வாங்கி, அணைத்துவிட்டு, பனிமேட்டின் பின்னால் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தோம். தாய் இரண்டு முறை புரண்டது, வெடிப்பு வரைக்கும் ஊர்ந்து போய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்தது, குட்டி கத்தியது. அந்தக் கத்தல் ஆட்டுக்குட்டியின் குரலைப் போலவே இருக்கும். பின்பு தாய் திரும்பி வந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றைக் காட்டிப் படுத்தது. குட்டி மறுபடி பால் குடிக்கத் தொடங்கியபோது, நாங்கள் விலகி 23 நிமிடம் ஆகியிருந்தது. என் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சூடேற்றிக் கிளப்ப எனக்கு அரை மணி நேரம் பிடித்தது, குனிந்த தலையோடு.

ஒரு குட்டி ஒரு முறை அரை மணி நேரம் பால் இழந்ததால் செத்துவிடாது. அந்த நண்பரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த வெடிப்பு எங்கள் வழக்கமான பாதையின் ஓரத்தில் இருந்தது. அளவெடுக்கப் போகிறவர்கள், எரிபொருள் இழுக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கப் போகிறவர்கள் என்று ஒரு நாளில் நான்கு வண்டி நின்றால், நாற்பத்தைந்து நாள் முழுவதும் நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குப் படிக்க வேண்டியதில்லை. தாயின் கொழுப்பு என்பது எண்ணி எடுத்துவந்த கட்டுச்சோறு. தலையைத் தூக்குவது, புரள்வது, வெடிப்புக்கு ஊர்ந்து திரும்புவது எல்லாமே அந்தக் கட்டுச்சோற்றிலிருந்துதான் செலவாகின்றன. வருகிற ஒவ்வொருவருக்கும் தாம் ஒருவரே வந்ததாகத் தோன்றும். கிடக்கிற விலங்குக்கு வரிசை முடிவதே இல்லை.

அது ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்குப் பின்னர்தான் விடை கிடைத்தது. தென்துருவத்தில் நிலத்தின்மேல் சீலைத் தின்னும் விலங்கு கிடையாது. அதன் பகையெல்லாம் தண்ணீரில்: ஓர்க்கா திமிங்கிலமும் சிறுத்தைச் சீலும். ஆகவே ஆபத்தென்றால் பனிமேல் ஏறு என்பதுதான் அதன் பரம்பரை அறிவு. பனிமேலேயே ஓர் ஆபத்து வந்து நின்றால் அதற்கு எங்கே போவதென்று தெரிவதில்லை, அப்படியே கிடக்கிறது. வடதுருவத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வெண்கரடி இருக்கிறது. மனிதனும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வேட்டையாடி வந்திருக்கிறான். வளையச் சீல் எனப்படும் சிறிய சீல், உறைந்த கடலின்மேல் குவிந்த பனிக்குள் குகைபோல் குடைந்து குட்டியை ஒளித்து வைக்கிறது. வெளியே படுத்தாலும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையாவது தலையைத் தூக்கிச் சுற்றும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கண்ணயர்கிறது. அதன் பக்கம் பனி ஸ்கூட்டரில் போனால் உங்களுக்குத் தெரிவது வெறும் துளைதான். ஓடுகிற சீலைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறோம். ஓடாத சீலைப் பார்த்துப் பக்கத்தில் போகிறோம். இரண்டுக்கும் செலவு உண்டு. ஒன்றின் செலவு மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதே செலவை ஆய்வாளர்கள் வேறொரு இடத்தில் முறையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வடதுருவக் கடல்களில் வாழும் ஹார்ப் சீல்கள் குட்டி போடுவதற்காகத் தெற்கே இறங்கிக் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் மிதக்கும் பனிக்கு வருகின்றன. வெள்ளைப் பஞ்சு மயிர்க் குட்டிகளைத் தடியால் அடித்துக் கொன்ற வேட்டை ஒரு காலத்தில் உலகத்தையே கொதிக்க வைத்தது. 1983-இல் ஐரோப்பா அந்தத் தோல்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1987-இல் கனடா வெள்ளைக்குட்டிகளின் வணிக வேட்டையை நிறுத்தியது. வேட்டை ஓய்ந்த இடத்தில் வேடிக்கை தொடங்கியது. ஹெலிகாப்டரில் பயணிகள் பனிமேல் வந்து இறங்கினார்கள், அன்போடுதான் வந்தார்கள். 1990-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த அன்பின் விளைவை எண்ணியது. பயணிகள் இருந்த நேரத்தில் தாய்கள் குட்டிகளின் பக்கத்தில் இருப்பது குறைந்தது. விலகாமல் நின்ற தாய்களும் பால் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு காவல் பார்ப்பதில் நேரத்தைக் கழித்தன. மிக நெருங்கிப் போனபோது குட்டிகள் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கட்டைபோல் விறைத்துக் கிடந்தன. அந்த விறைப்பைத்தான் பயணிகள், தொடவிடுகிறது பார் என்று புரிந்துகொண்டார்கள். ஹார்ப் சீலின் பாலூட்டும் காலம் மொத்தமே ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாளில் ஒரு நாள் என்பது நம் பிள்ளைகளின் கணக்கில் எத்தனை மாதம்?

கப்பலும் சும்மா விடுவதில்லை. அலாஸ்காவில் ஹப்பர்டு பனியாறு கடலில் இறங்கும் விரிகுடாவில், உடைந்து மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் துறைமுகச் சீல்கள் குட்டிகளோடு படுத்திருக்கும். பயணிகள் கப்பல்களும் பனியாற்றைக் காட்ட அங்கேதான் வரும். கப்பல் 500 மீட்டருக்குள் வந்ததுமே சீல்கள் தண்ணீரில் இறங்கத் தொடங்குவதையும், 500 மீட்டரில் இருப்பதைக் காட்டிலும் 100 மீட்டரில் இறங்கும் வாய்ப்பு 25 மடங்கு என்பதையும் அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். இறங்கினால் என்ன, தண்ணீரில் வாழ்கிற விலங்குதானே என்று கேட்கலாம், நானும் கேட்டேன். பனியாற்று நீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தோலுக்கடியில் கொழுப்புச் சேராத இளங்குட்டிக்கு அந்தச் சூட்டை மீண்டும் உண்டாக்கப் பாலைத் தவிர வேறு வழி இல்லை. பஞ்சு மயிரோடு பிறக்கும் இனங்களில் அந்த மயிர் உலர்ந்திருக்கும்வரைதான் கம்பளி. நனைந்தால் வெறும் ஈரத்துணி.

சீலின் உறவான வால்ரஸின் நிலைமை இன்னும் கடுமை. கடற்பனி உருகிப்போனதால் அவை கூட்டங்கூட்டமாகக் கரையேறுகின்றன. 2014 செப்டம்பரில் அலாஸ்காவின் பாயின்ட் லே என்ற சிற்றூருக்கு அருகே சுமார் 35,000 வால்ரஸ்கள் ஒரே கரையில் ஏறிக் கிடந்தன. ஒரு விமானம் தாழப் பறந்தாலும் போதும். ஒன்று பதறினால் மொத்தக் கூட்டமும் தண்ணீரை நோக்கிப் பாயும், இடையில் அகப்பட்ட கன்றுகள் நசுங்கும். அந்த ஊரார் செய்ததுதான் என்னை மிகவும் தொட்டது. உலகச் செய்தியாளர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் படையெடுத்தபோது, தயவுசெய்து வராதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வருமானம் வரும் வாசலைத் தானே சாத்திக்கொண்ட கடற்கரை ஊர் ஒன்று இருக்கிறது என்று எங்கள் ஊரில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழிலோடு சேர்ந்தது. வெடல் சீல்கள் பனிக்கடியில் பாடுகின்றன. பாட்டு என்பது மிகையில்லை: சீட்டியாகத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் மரக்கதவு கிறீச்சிடுவதுபோல் முடியும் நீண்ட ஒலிகள். வேலை இல்லாத ஒரு பொழுதில், தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதைப் பனியின்மேல் வைத்துக் கேட்டிருக்கிறேன்; காது மரத்துப்போகும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. ஆண் சீல்கள் துளைகளுக்கடியில் தங்கள் எல்லையை அந்தக் குரலால்தான் காக்கின்றனவாம். அதே பனியின்மேல்தான் பிஸ்டன்புல்லி என்ற என் பெரிய பனி வண்டியின் இரும்புப் பட்டைகள் அரைத்துக்கொண்டு போயின. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் போகும். நிலைய வாகனங்கள், படகுகள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றின் ஒலி ஈன்ற சீல்களுக்கு எவ்வளவு தூரம் கேட்கும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். சைலன்ஸர் சரியில்லாத வண்டியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை, குரலைக் கேட்ட அந்த நாளோடு நிறுத்திவிட்டேன்.

விதிகள் இல்லாமல் இல்லை. 1972-இல் லண்டனில் கையெழுத்தான அண்டார்டிக் சீல் பாதுகாப்பு உடன்படிக்கை வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. 1991-இல் ஏற்கப்பட்டு 1998-இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்டிகச் சுற்றுச்சூழலைக் காப்பதற்கான மாட்ரிட் நெறிமுறை, ஹெலிகாப்டரையோ வாகனத்தையோ படகையோ பறவைக் கூட்டங்களும் சீல் கூட்டங்களும் கலைகிற விதத்தில் இயக்குவதையே தீங்கான குறுக்கீடு என்று வரையறுக்கிறது. நடந்து போகிறவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. இந்தியாவும் 2022-இல் இதற்கென அண்டார்டிக் சட்டம் இயற்றியது. சுற்றுலாக் கப்பல் நிறுவனங்களின் சங்கம், ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறக்குவதில்லை, விலங்கிலிருந்து ஐந்து மீட்டரும் மயிர்த்தோல் சீலிலிருந்து பதினைந்து மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்று விதித்துக்கொண்டிருக்கிறது. 2022-23 பருவத்தில் அண்டார்டிகாவுக்குச் சுற்றுலாவாகப் போனவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் தென் அமெரிக்காவுக்கு எதிரே உள்ள அண்டார்டிகத் தீபகற்பத்துக்குத்தான் போகிறார்கள். நான் இருந்த கிழக்குப் பக்கம் அந்தக் கூட்டம் இல்லை. அங்கே தொந்தரவு என்றால் எங்களைப் போன்ற நிலையத்து ஆட்கள்தான்.

ஐந்து மீட்டர் என்பது என் வீட்டுத் திண்ணைக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் உள்ள தூரம். குட்டியோடு கிடக்கும் தாய்க்கு அது போதாது என்பது என் தீர்மானமான எண்ணம். வண்டிகளுக்கு ஆஸ்திரேலியர்கள் வைத்திருக்கும் அளவு எனக்கு நியாயமாகப் படுகிறது: பனி ஸ்கூட்டர் என்றால் 150 மீட்டர், பெரிய பட்டை வண்டி என்றால் 250 மீட்டர். அளவு தாளில் இருந்தால் மட்டும் ஆகாது என்பதும் ஓட்டியவனுக்குத் தெரியும். வெள்ளைப் பரப்பில் தூரம் பிடிபடாது. நூறு மீட்டர் ஐம்பதாகத் தெரியும், ஐம்பது நூறாகத் தெரியும். பனிமேட்டின் பின்னால் படுத்திருக்கும் சீல் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். எங்களுக்கு உதவியது ஒன்றே ஒன்று: அந்த நவம்பருக்குப் பிறகு வெடிப்பை விட்டு விலகிப் புதுப்பாதை ஒன்று வகுத்து, கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம், இங்கே வலை கிடக்கும் இடத்தைக் காட்ட மிதவையில் கொடி கட்டுவதைப் போல. பாதை மாறாமல், வேகம் மாறாமல், நிற்காமல் போகிற வண்டியைச் சீல்கள் சில நாளில் பொருட்படுத்துவதை விட்டன. நின்று, இறங்கி, நடந்து நெருங்குகிறவனுக்கு மட்டும் அவை கடைசிவரை பழகவில்லை.

பாதை ஒன்றரை கிலோமீட்டர் நீண்டதற்காக எரிபொருள் கணக்கில் நான் வாங்கிய பேச்சு வேறு கதை.

ஊருக்கு வந்தபின் என் கண் கெட்டுவிட்டது என்று மனைவி சொல்வாள். தனுஷ்கோடிக்கு 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதற்கு முன்பு வேன்களும் ஜீப்புகளும் மணலிலேயே, அலை நனைத்துப்போன ஈரத்திலேயே ஓடின. அந்த வேன்களுக்கு நானும் கிளட்ச் மாற்றியிருக்கிறேன். இப்போது குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்து நிற்கும்போது, சாலையோரம் வண்டிகள் நிற்பதையும், ஆட்கள் சேற்றில் இறங்கி நடப்பதையும், மொத்தக் கூட்டமும் இளஞ்சிவப்பாக எழும்புவதைப் படம் பிடிப்பதையும் பார்க்கிறேன். எழும்பினால்தான் படம் நன்றாக வருகிறது. 2025-இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது நல்ல செய்தி. பூநாரையாவது பறந்து காட்டிவிடும். ஆவுளியா அப்படி எதையும் காட்டாது.

ஆவுளியாவை இந்தக் கரை தின்று தீர்த்தது, அதை மறைப்பதற்கில்லை. 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகும் கறி கமுக்கமாகக் கைமாறியது. இன்று அதைக் கொல்வது பெரும்பாலும் தற்செயலாக வந்து மாட்டும் வலைதான். அதற்கு அடுத்ததாக இந்தப் புதுப் பழக்கத்தை வைப்பேன். மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு கன்று ஈனுகிற விலங்கு அது. கன்று ஓராண்டுக்கும் மேலாகப் பால் குடிக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். மருமகனின் காணொளியை மறுபடி போடச் சொல்லி, என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் மூச்சுக்கும் இரண்டாம் மூச்சுக்கும் நடுவே இரண்டரை நிமிடம். அடுத்தது ஒன்றே முக்கால். கடைசி மூன்றும் ஒரு நிமிடத்துக்குள். அது நமக்குக் காட்சி கொடுக்கவில்லை, மூச்சு வாங்க முடியாமல் தவிக்கிறது என்று சொன்னேன். அவன் கைப்பேசியை வாங்கி, தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

"அப்ப என்னதான் மாமா செய்யச் சொல்றீங்க? ஆளுங்க காசு குடுத்து வர்றாங்களே."

போன ஞாயிற்றுக்கிழமை அவன் படகில் நானும் போனேன். திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பமும், மதுரைக்காரர் இருவரும் இருந்தார்கள். கடற்புல் வெளி தொடங்கும் இடத்துக்கு முன்பே அவன் இன்ஜினை அணைத்துவிட்டு நங்கூரத்தை மெதுவாக, சத்தமில்லாமல் இறக்கினான். நாற்பது நிமிடம் இருந்தோம். அலை பலகையில் தட்டும் சத்தம். கரையில் எங்கோ ஒலிபெருக்கி. ஒருமுறை மட்டும் பின்பக்கம், தூரத்தில், தலையணையை அமுக்கியதுபோல் ஒரு மூச்சு கேட்டது. திரும்புவதற்குள் நீரில் ஒரு வட்டம்தான் மிச்சம் இருந்தது. திருப்பூர்க்காரரின் சின்ன மகள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரைக்காரர்களில் ஒருவர், ஒன்றும் காட்டவில்லையே என்று பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். மருமகன் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். பிறகு நங்கூரத்தை இழுத்துவிட்டு, இன்ஜினைத் தொடாமல், நீண்ட கழியை அடிமணலில் ஊன்றி, வட்டம் தெரிந்த இடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் படகைத் தள்ளத் தொடங்கினான்.